அடிப்பூச்சு: கேக்கின் தூள் ஏன் க்ரீமில் ஏறுகிறது?

பிறந்தநாளுக்கு வீட்டிலேயே கேக் செய்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்திருக்காது. சாக்லேட் கேக் நன்றாக உப்பி வந்திருக்கும். வெள்ளை க்ரீமும் நுரைத்துப் பொங்கி நிற்கும். கத்தியில் க்ரீமை அள்ளிக் கேக்கின் பக்கவாட்டில் ஓர் இழுப்பு இழுத்ததும் வெள்ளைக்குள் பழுப்புத் தூள் கலந்துவிடும். துடைக்கப் போனால் இன்னும் கொஞ்சம் தூள் பெயரும். மேலே இன்னொரு கரண்டி க்ரீம் போட்டு மறைக்கப் பார்த்தால் அதிலும் புள்ளி புள்ளியாய் எட்டிப் பார்க்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக்கில் மட்டும் ஒரு புள்ளிகூடத் தெரிவதில்லை. அதுவும் இதே மாவு, இதே முட்டை, இதே க்ரீம்தான்.

ஐசிங் போடுகிறவர்களிடம் கேட்டால் விடை உடனே வரும்: இரண்டு முறை பூச வேண்டும். முதலில் மெல்லிய ஒரு பூச்சு. அதில் தூள் ஏறினாலும் கவலையில்லை. குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, அதன் மேல்தான் கண்ணுக்குத் தெரியும் பூச்சு. முதல் பூச்சை 'க்ரம் கோட்' என்பார்கள். இந்த அத்தியாயத்தில் அதை அடிப்பூச்சு என்போம்.

விடை கிடைத்ததும்தான் உண்மையான புதிர் தொடங்குகிறது. முதல் முறை தூளை இழுத்த அதே க்ரீம், இரண்டாம் முறை ஏன் இழுப்பதில்லை? இரண்டு முறை பூசுவதற்குப் பதில் ஒரே முறை கனமாகப் பூசினால் என்ன? நடுவில் குளிர்பெட்டி எதற்கு? இந்த மூன்றுக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது. எந்தப் பொருள் எதை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்ற கணக்கு அது.

கத்தி பட்ட இடம்

கேக்கைக் கன அளவில் பார்த்தால் அதில் பாதிக்கும் மேல் காற்றுதான். முட்டையை அடிக்கும்போது உள்ளே புகுந்த குமிழிகளும், பேக்கிங் பவுடர் வெளியிட்ட வாயுவும், நீராவியும் அடுப்பின் சூட்டில் விரிந்து மாவை ஊதிவிடுகின்றன. அதே சூட்டில் முட்டையின் புரதம் இறுகுகிறது. மாவுச்சத்து நீரைக் குடித்துப் பருத்துப் பசையாகிறது. இவை இரண்டும் சேர்ந்து குமிழிகளைச் சுற்றி மெல்லிய சுவர்களாக நின்றுவிடுகின்றன. நாம் மென்மை என்று ரசிப்பது இந்தச் சுவர்களின் மெல்லிய தன்மையைத்தான்.

அடுப்பிலிருந்து எடுத்த கேக்கின் மேற்புறத்தில் ஒரு தோல் இருக்கும். அங்கே நீர் போய்ச் சுவர்கள் நெருங்கி இறுகியிருப்பதால் தூள் அவ்வளவாக உதிராது. ஆனால் ஐசிங் போடும் கேக்கைப் பெரும்பாலும் தோலோடு விடுவதில்லை. உப்பிய மேற்புறத்தைச் சீவிச் சமமாக்குகிறார்கள். குறுக்கே இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டி நடுவில் க்ரீம் வைக்கிறார்கள். கத்தி செல்லும் இடத்திலெல்லாம் குமிழிச் சுவர்கள் அறுபடுகின்றன. நாலு பக்கமும் தாங்கி நின்ற ஒரு சுவர் இப்போது ஒரே பக்கத்தில் தொங்குகிறது. இப்படி ஒற்றைப் பிடியில் தொங்கும் ஆயிரக்கணக்கான துணுக்குகளைத்தான் தூள் என்கிறோம். கத்தி படுவதற்கு முன் அவை கேக்கின் உறுதியான பகுதிகளாகத்தான் இருந்தன.

இரண்டு பிடிகள்

ஒரு பொருள் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் வலுவை உள்பிடி என்றும், தன்னைத் தொடும் வேறொரு பொருளைப் பிடிக்கும் வலுவை வெளிப்பிடி என்றும் வைத்துக்கொள்வோம். க்ரீம் பூசிய கத்தி கேக்கின் மீது நகரும்போது கத்தி, க்ரீம், துணுக்கு, கேக்கின் உடல் என்று நான்கும் வரிசையாக இணைந்திருக்கின்றன. கத்தி நகர்கிறது, கேக் நகரவில்லை. எனவே இந்த வரிசையில் எங்கோ ஓரிடம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். மிகப் பலவீனமான இடம்தான் விட்டுக்கொடுக்கும்.

க்ரீம் தனக்குள்ளேயே வழுக்கினால் நமக்கு நல்லது. கத்தி நகரும், கேக்கில் ஒட்டிய க்ரீம் அப்படியே இருக்கும். வழவழப்பான தட்டில் பூசும்போது நடப்பது இதுதான். வெட்டுப்பட்ட கேக்கில் கதை வேறு. துணுக்குக்கும் கேக்குக்கும் இடையே உள்ள ஒற்றைப் பிடி, க்ரீமின் உள்பிடியை விட நலிந்தது. க்ரீம் துணுக்கை எல்லாப் பக்கமும் சூழ்ந்து பிடித்திருக்கிறது. கேக்கோ ஒரு முனையில்தான் பிடித்திருக்கிறது. கத்தி இழுத்ததும் துணுக்கு க்ரீமோடு போய்விடுகிறது.

க்ரீமுக்கு இன்னொரு குணமும் உண்டு. தொடாமல் விட்டால் திடப்பொருளாக நிற்கும். கத்தியால் ஓரளவுக்கு மேல் தள்ளினால் திரவமாக ஓடும். எந்த அளவு தள்ளினால் ஓடத் தொடங்குகிறதோ அதை இளகல் வரம்பு எனலாம். கெட்டியாக அடித்த க்ரீமுக்கு இந்த வரம்பு அதிகம், அதாவது அது ஓடுவதற்கு முன் துணுக்குகளைப் பலமாக இழுக்கும். கொஞ்சம் தளர்வான க்ரீம் லேசான அழுத்தத்திலேயே ஓடி, வெட்டுப்பட்ட குமிழிக் குழிகளுக்குள் புகுந்துவிடும். அடிப்பூச்சுக்கு எடுக்கும் க்ரீமை மட்டும் சற்றுத் தளர்வாக வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்தக் காரணத்தால் வந்தது.

ஒரே முறை கனமாகப் பூசினால் என்ன என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கனமான க்ரீமில் கத்தி கேக்கிலிருந்து விலகி நிற்பதால் தூள் குறைவாகப் பெயரும் என்பது உண்மை. ஆனால் சமப்படுத்த நாலைந்து முறை கத்தியை ஓட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் பெயர்ந்த துணுக்குகள் இளகிய க்ரீமில் மிதந்து மேலே வந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தடுத்து நிறுத்த அங்கே கெட்டியான எதுவும் இல்லை.

ராஜபாளையத்துப் பாவு நூல்

பிசிறை அடக்க முதலில் ஒரு மெல்லிய பூச்சு, அது இறுகிய பிறகே உண்மையான வேலை என்ற முறையை ராஜபாளையம் நன்றாக அறியும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன் பின் நூற்பாலைகளால் வளர்ந்த ஊர் இது. சுற்றுவட்டாரத் தறிகளில், குறிப்பாகச் சத்திரப்பட்டிப் பக்கம், மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது.

பருத்தி நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உடலெங்கும் மெல்லிய இழைகள் சிலிர்த்து நிற்பது தெரியும். அவை ஒரு முனை நூலுக்குள்ளும் மறு முனை வெளியிலுமாக இருப்பவை, கேக்கின் துணுக்குகளைப் போலவே ஒற்றைப் பிடியில் நிற்பவை. இந்த நூலை அப்படியே பாவாக, அதாவது துணியின் நீளவாட்டு நூலாக, தறியில் ஏற்றினால் விழுதிலும் அச்சிலும் உராய்ந்து உராய்ந்து இழைகள் பெயரும், பக்கத்து நூலோடு சிக்கும், கடைசியில் நூல் அறும். எனவே நெய்வதற்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறார்கள். கஞ்சி சிலிர்த்த இழைகளை நூலின் உடலோடு படிய வைக்கிறது. காய்ந்ததும் அவை பல இடங்களில் ஒட்டிப் பிடிபட்டுவிடுகின்றன. ஈரக் கஞ்சியோடு யாரும் தறியை ஓட்டமாட்டார்கள். கஞ்சி இழைகளைச் சூழ்வது பாதி வேலைதான், காய்ந்து இறுகுவது மீதிப் பாதி.

அடிப்பூச்சின் அறிவியலும் இந்த இரண்டு படிகள்தான். தளர்வான க்ரீம் துணுக்குகளைச் சூழ்ந்து கேக்கின் குழிகளுக்குள் வேர்விடுகிறது. பிறகு அது இறுக வேண்டும். கஞ்சி நீரை இழந்து இறுகுகிறது. க்ரீம் சூட்டை இழந்து இறுகுகிறது. இரண்டுக்கும் வேறுபாடு இந்த ஓரிடத்தில்தான், அதைப் புரிந்துகொள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும்.

பால்கோவா நிற்கிறது, க்ரீம் சரிகிறது

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலையும் சர்க்கரையையும் தவிர அதில் வேறு எதுவும் தேவையில்லை. பால்கோவாவில் இருப்பது பால் கொழுப்பு. வெண்ணெய் க்ரீமில் இருப்பதும் அதே பால் கொழுப்புதான். ஆனால் மே மாத வெயிலில் கடைத் தட்டில் பால்கோவா குவித்தபடியே நிற்கும். பக்கத்தில் வெண்ணெய் க்ரீம் பூசிய கேக்கை வைத்தால் பூச்சு சரிந்து இறங்கிவிடும்.

எது எலும்புக்கூடாக நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு. பசும்பாலில் சுமார் 87 சதவீதம் நீர். வாணலியில் கிளறக் கிளற அந்த நீரில் பெரும்பகுதி ஆவியாகிறது. பாலின் புரதம் சூட்டில் திரண்டு ஒன்றோடொன்று பின்னி வலையாகிறது. அந்த வலையும் சர்க்கரையும்தான் பால்கோவாவைத் தாங்குகின்றன. திரண்ட புரதமோ சர்க்கரையோ 38 டிகிரியில் உருகாது. உள்ளே இருக்கும் கொழுப்பு உருகத்தான் செய்கிறது. பால்கோவாப் பொட்டலத்துத் தாளில் நெய் ஊறிப் படிவதே அதற்குச் சாட்சி. கொழுப்பு உருகினாலும் வலை அப்படியே இருப்பதால் பால்கோவா நிற்கிறது.

க்ரீமில் அப்படியொரு வலை கிடையாது. அங்கே எலும்புக்கூடே கொழுப்புதான். கொழுப்பின் நுண்ணிய படிகங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, காற்றுக் குமிழிகளைச் சுற்றி நின்று, முழு நுரையையும் தாங்குகின்றன. பால் கொழுப்பு ஒரே பொருளாக இல்லாமல் வெவ்வேறு சூட்டில் உருகும் பல கொழுப்புகளின் கலவையாக இருப்பதால், அது படிப்படியாக இளகும். குளிர்பெட்டியின் 5 டிகிரியில் ஏறத்தாழப் பாதி கெட்டியாக இருக்கும். 20 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குதான் கெட்டி. 35ஐத் தாண்டினால் ஏறக்குறைய எல்லாம் எண்ணெய். குளிர்நாட்டுச் சமையல் புத்தகத்தில் 'அறைச் சூட்டில் வைக்கவும்' என்று இருந்தால் அது 20 டிகிரியை ஒட்டிய அறை. நம் ஊர்க் கோடையின் அறையில் அந்த க்ரீமுக்கு எலும்பே மிஞ்சாது.

நம் பேக்கரிகளில் பரவலாகப் பயன்படும் விப்பிங் க்ரீம் பெரும்பாலும் தாவரக் கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பனையின் விதைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் இதற்கு ஏற்றது. அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்ற ஒரே வகை. ஒரே வகை மிகுந்திருப்பதால் அது வெண்ணெயைப் போலச் சிறுகச் சிறுக இளகாமல், ஓர் எல்லை வரை உறுதியாக நின்று பிறகு சட்டென உருகுகிறது. ஹைட்ரஜன் ஏற்றி அந்த எல்லையை வாயின் சூட்டுக்கு அருகே வரை உயர்த்த முடியும். ஹைட்ரஜன் அரைகுறையாக ஏறினால் இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு உருவாகும். அதனால்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 சனவரி 1 முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பிட்டிருக்கிறது. க்ரீம் டப்பாவை வாங்கும்போது அதன் முதுகில் டிரான்ஸ் கொழுப்பின் அளவை அச்சிட்டிருக்கும் ஒரு வரியைப் படித்துவிடுவது நல்லது.

எந்தக் கொழுப்பானாலும் அடிப்படை மாறாது. குளிர்ந்தால் படிகங்கள் கூடும், உள்பிடி ஏறும். இளகிய அடிப்பூச்சில் சிறைபட்ட துணுக்கு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். குளிர்ந்த அடிப்பூச்சில் அது பதிந்துவிடும். அதன் மேல் புது க்ரீமோடு கத்தி நகரும்போது, மிகப் பலவீனமான இடம் இப்போது புது க்ரீமுக்குள் இருக்கிறது. அது தனக்குள் வழுக்குகிறது, கீழே எதுவும் பெயர்வதில்லை. இரண்டாம் முறை தூள் வராததன் காரணம் இதுதான்.

மே மாதத்து ஒரு கிலோ கேக்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மே மாதப் பிற்பகல், அறைக்குள் 36 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கேக் ஒன்றை அடிப்பூச்சிட்டு முடிக்க வேண்டும். ஸ்பான்ஜ் 16 செ.மீ. குறுக்களவு, 8 செ.மீ. உயரம்.

முதலில் ஸ்பான்ஜ். காலையிலேயே சுட்டு, முழுக்க ஆறவிட்டு, காற்றுப் புகாமல் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். சூடான கேக்கில் அடிப்பூச்சு நிற்காது என்பது தெரிந்ததே. குளிர்ந்த கேக்கில் இன்னொரு ஆதாயமும் உண்டு. அடுப்பில் பசையான மாவுச்சத்து, குளிரில் மறுபடி ஒழுங்காக அடுக்கப்பட்டுக் கெட்டிப்படுகிறது. இதை மீளிறுக்கம் எனலாம். குளிர்பெட்டியின் குளிரில் இது வேகமாக நடக்கும். அதிகமானால் கேக் பழையதுபோல் ஆகிவிடும். சில மணி நேர அளவில் குமிழிச் சுவர்கள் கொஞ்சம் உறுதிப்பட்டு, சீவும்போது தூள் குறைகிறது. சுற்றி வைப்பது நீர் போகாமல் காக்க.

அடுத்து சர்க்கரைப் பாகு. மூன்றாக வெட்டிய அடுக்குகளின் மீது பிரஷ்ஷால் தடவுவது. கேக் இழந்த ஈரத்தைப் பாகு திருப்பித் தருகிறது. அளவு மீறினால் குமிழிச் சுவர்கள் ஊறி நலிந்து, துணுக்குகளின் ஒற்றைப் பிடியும் போய்விடும். உள் அடுக்குகளுக்குத் தாராளமாகவும், வெளி விளிம்புக்குச் சிக்கனமாகவும் தடவுவது இதனால்தான்.

அடுக்கி, நடுவில் க்ரீம் வைத்தாயிற்று. இப்போது எவ்வளவு அடிப்பூச்சு வேண்டும்? மேற்புறம் சுமார் 200 சதுர செ.மீ., பக்கவாட்டு சுமார் 400. மொத்தம் 600. அதில் 2 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினால் 120 மில்லி க்ரீம். நன்றாக நுரைத்த விப்பிங் க்ரீமின் எடை, அதே கன அளவுள்ள நீரின் எடையில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். எனவே 120 மில்லி என்பது 40 கிராம் அளவு. மேல்பூச்சை 8 மில்லிமீட்டருக்குப் போட்டால் அதற்கு 170 கிராம் வரை செல்லும். வெளியே பூசும் க்ரீமில் ஐந்தில் ஒரு பங்குதான் அடிப்பூச்சு. க்ரீம் வீணாகிறதே என்று இதைத் தவிர்ப்பவர்கள், தூள் கலந்த க்ரீமை வழித்து எறிவதில் இதைவிட அதிகம் இழக்கிறார்கள்.

அந்த 40 கிராமைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தியில் மீந்த தூள் க்ரீம் அதே கிண்ணத்துக்குத்தான் திரும்ப வேண்டும், மேல்பூச்சுக் கிண்ணத்தைத் தொடக் கூடாது. டர்ன்டேபிளைச் சுழற்றியபடி, கத்தியை ஏறக்குறைய படுக்கவைத்து, க்ரீமைக் குழிகளுக்குள் அழுத்தித் தேய்க்க வேண்டும். கத்தியை நேராகத் தூக்கி எடுத்தால் க்ரீமின் வெளிப்பிடி துணுக்குகளையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். பக்கவாட்டில் வழுக்கியே வெளியேற வேண்டும். கேக்கின் நிறம் ஆங்காங்கே தெரிந்தால் தவறில்லை. பழுப்புப் புள்ளிகள் இருந்தாலும் இருக்கட்டும், அவை எங்கும் போகப்போவதில்லை.

பிறகு குளிர்பெட்டி, 20 முதல் 30 நிமிடம். வெறும் 2 மில்லிமீட்டர் பூச்சு குளிர இவ்வளவு நேரமா என்று தோன்றும். பூச்சு மட்டும் தனியே இருந்தால் விரைவாகக் குளிர்ந்துவிடும். அதன் பின்னால் அரைக் கிலோவுக்கு மேல் ஸ்பான்ஜ் இருக்கிறது. ஸ்பான்ஜ் சூடாக இருந்தால், பெட்டியின் குளிர் பூச்சிலிருந்து எடுக்கும் சூட்டை அது பின்னாலிருந்து நிரப்பிக்கொண்டே இருக்கும். அதில் நிறைந்திருக்கும் காற்று சூட்டை மெதுவாகவே கடத்தும் என்பதால், அந்தச் சூடு தீரவும் நேரமாகும். காலையிலேயே ஸ்பான்ஜைக் குளிர வைத்தது இப்போது கைகொடுக்கிறது. பூச்சுக்கு இரண்டு பக்கமும் குளிர் கிடைக்கிறது. விரலால் லேசாகத் தொட்டால் க்ரீம் விரலில் வராத பதம்தான் அடையாளம்.

வெளியே எடுத்ததும் தாமதிக்கக் கூடாது. 36 டிகிரி அறையில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றின் நீராவி துளியாகப் படியும். குளிர்ந்த கேக் வியர்ப்பது இதுதான். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசியில் ஈரம் கூடி, வியர்வையும் கூடும். அடிப்பூச்சின் மேல் படிந்த நீர்த்துளி, கொழுப்புக்கும் கொழுப்புக்கும் நடுவே நுழைந்து மேல்பூச்சின் வெளிப்பிடியைக் கெடுத்துவிடும். எனவே மேல்பூச்சுக்கான க்ரீம் அடித்துத் தயாராக இருந்த பிறகே குளிர்பெட்டியைத் திறக்க வேண்டும்.

மேல்பூச்சு இப்போது துடைத்த கத்தியில், சுத்தமான கிண்ணத்திலிருந்து, தாராளமாக. புது க்ரீமின் கொழுப்பு பழைய க்ரீமின் கொழுப்பை நன்றாகப் பற்றிக்கொள்ளும், இரண்டும் ஒரே இனம்.

எப்போது தேவையில்லை?

அடிப்பூச்சு ஒரு சடங்கு கிடையாது. காரணம் இல்லாத இடத்தில் அதைச் செய்ய வேண்டியதில்லை. ஸ்பான்ஜும் க்ரீமும் ஒரே நிறமாக இருந்து, பரப்பு வழவழப்பாக இருக்கத் தேவையில்லாத கேக்குக்கு அது வேண்டாம். சீவாமல் தோலோடு இருக்கும் பரப்பில் தூள் குறைவு. பக்கவாட்டு முழுவதும் தேங்காய்த் துருவலோ சாக்லேட் சீவலோ ஒட்டப் போகிறோம் என்றால் புள்ளிகள் மறைந்துவிடும். அடிப்பூச்சோடே நிறுத்தி, கேக்கின் நிறம் மங்கலாகத் தெரியும்படி விட்டு அதையே அழகாக வழங்கும் முறையும் இன்று இருக்கிறது. வெள்ளைப் பரப்பில் பெயர் எழுதி, பைப்பிங் பேக்கில் பூ விடப் போகிற கேக்குக்கு மட்டும் அடிப்பூச்சை விடவே கூடாது.

வீட்டில் ஒரு சோதனை

இதுவரை சொன்னதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். ஒரு சிறிய சாக்லேட் கேக்கை மூன்று துண்டாக வெட்டுங்கள். மூன்றுக்கும் ஒரே எடை வெள்ளை க்ரீம். முதல் துண்டுக்கு அத்தனையையும் ஒரே முறையில் பூசுங்கள். இரண்டாவதற்கு ஐந்தில் ஒரு பங்கை அடிப்பூச்சாகப் பூசி, 30 நிமிடம் குளிர வைத்து, மீதியைப் பூசுங்கள். மூன்றாவதற்கும் அடிப்பூச்சு உண்டு, ஆனால் குளிர வைக்காமல் உடனே மீதியைப் பூசுங்கள்.

முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேக்கரிக்காரர்கள் என்றோ கண்டுவிட்டார்கள். மூன்றாவதுதான் அறிவியல் கேட்கும் துண்டு. அது இரண்டாவதைப் போல் சுத்தமாக வந்தால், பூச்சு இருப்பதே போதும் என்று பொருள். முதலாவதைப் போல் புள்ளி விழுந்தால், வேலை செய்தது குளிர் என்று பொருள். இரண்டுக்கும் நடுவில் எங்கோ வந்தால் இரண்டுக்கும் பங்கு உண்டு. அறையின் சூட்டைக் குறித்துக்கொண்டு, இதையே மார்கழியில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் செய்யுங்கள். மூன்றாவது துண்டின் முடிவு இரண்டு மாதத்திலும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். மாறினால், எந்தச் சூட்டில் மாறுகிறது என்பதை உங்கள் சமையலறைக்கென்று நீங்களே அளந்துவிடலாம்.